83 சதவீதத்திலும் நகராத நீலக் கார்: ஒரு வேகச் சார்ஜிங் நிலையத்தில் 50 நிமிடங்கள்

நெடுஞ்சாலை ஓரத்து வேகச் சார்ஜிங் நிலையம் ஒன்றில், நீண்ட விடுமுறையின் கடைசி நாள் மாலையில், ஆறு மின்சாரக் கார்களுக்கு இடையே நேர்ந்த ஒரு தகராறை நிமிடக் கணக்கோடு இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஆறில் ஒன்று என்னுடையது. அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட வேண்டுமென்றே பிறருக்குத் தொல்லை கொடுக்க வந்தவர் அல்லர். ஆனாலும் எல்லோருடைய கோபமும் திரண்டு, அந்த இடத்தில் மிகக் குறைவாகத் தவறு செய்த ஒருவர் மீதே விழுந்தது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். நேரங்களை என் ஆப்பில் பதிவானவற்றிலிருந்தும், சச்சரவு அடங்கிய பிறகு மற்றவர்கள் காட்டிய சார்ஜிங் ரசீதுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டேன்.

இடமும் கார்களும்

நிலையத்தில் இரண்டு சார்ஜர்கள் இருந்தன. முதலாவது 120 கிலோவாட் திறன் கொண்டது. அதில் இரண்டு கன்கள், அதாவது கேபிளின் முனையில் உள்ள, காரில் செருகும் கைப்பிடிகள். இரண்டிலும் கார்கள் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 60 கிலோவாட் வீதம் பிரித்துக் கொடுக்கும். ஒன்று மட்டும் ஏற்றினால் அதற்கே முழுத் திறனும் போகும். இரண்டாவது சார்ஜர் 60 கிலோவாட். அதிலும் இரண்டு கன்கள் உண்டு என்றாலும் நான்காவது கன் பயன்படும் நிலையில் இல்லை. யாரோ அதைக் கொக்கியில் மாட்டாமல் தரையில் போட்டுவிட்டுப் போக, இன்னொருவர் கவனிக்காமல் அதன் மேல் காரை ஏற்றியிருக்க வேண்டும். கைப்பிடியின் ஓரம் பிளந்து, முனையின் வட்டம் சற்று நசுங்கி, மின்முனைகள் பதிந்திருக்கும் குழிகளில் மண் அடைந்திருந்தது. கேபிளைச் சுருட்டி மாட்ட ஒருவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடம் மிச்சமானதால் அன்று ஆறு கார்களுக்கு ஒரு கன் இல்லாமல் போயிற்று.

கார்களை நிறத்தைக் கொண்டே குறிப்பிடுகிறேன். முதல் கன்னில் வெள்ளைக் கார். உரிமையாளர் அருகில் இல்லை. இரண்டாம் கன்னில் நீலக் கார். அது சில ஆண்டுகள் பழைய மாடல். 40 யூனிட் பேட்டரி. அதிகபட்சம் 50 கிலோவாட்தான் வாங்கும். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்மணியும், பின்னிருக்கையில் அவருடைய வயதான தந்தையும் இருந்தார்கள். மூன்றாம் கன்னில் 75 யூனிட் பேட்டரி கொண்ட பெரிய கறுப்புக் கார். காத்திருந்தவை மூன்று: 6:02-க்கு வந்த சிறிய சிவப்புக் கார், 14 சதவீதத்தோடு 6:10-க்கு வந்த என் கார், 9 சதவீதத்தோடு 6:19-க்கு வந்த சாம்பல் நிறக் கார். வரிசை என்று தரையில் கோடோ பலகையோ எதுவும் கிடையாது. சிவப்புக் கார் நிழலுக்காக எதிர்ப்புறச் சுவரோரம் நின்றது. நான் நுழைவாயிலுக்கு அருகில் நின்றேன். புதிதாக வருபவருக்கு எங்கள் இருவரையும் பார்த்தால் வரிசையில் நிற்பவர்கள் என்று தோன்றாது.

நடந்தது

6:15 மணியளவில், காத்திருந்த எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் நீலக் காரின் பக்கம் போய்ச் சார்ஜரின் திரையைப் பார்த்தார். அதில் 83 சதவீதம் என்று இருந்தது. வேகச் சார்ஜரில் 80-ஐத் தாண்டக்கூடாது என்பது பரவலான எண்ணம். “எண்பது தாண்டிடுச்சேம்மா, இன்னும் எடுக்கலையா?” என்று கேட்டார். அந்தப் பெண்மணி கண்ணாடியை இறக்கி, “இன்னும் நூத்தறுபது கிலோமீட்டர் மலையேறணும் சார். நடுவுல சார்ஜர் எதுவும் கிடையாது. தொண்ணூத்தாறு வந்ததும் எடுத்துடறேன்” என்றார். பதில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது கேட்டவரின் காதில் மட்டும் விழுந்தது. சற்றுத் தள்ளி நின்ற எங்களுக்கு எட்டியதெல்லாம் ‘தொண்ணூத்தாறு’ என்ற ஒரு சொல்தான். அங்கிருந்துதான் முணுமுணுப்பு தொடங்கியது.

6:21-க்குக் கறுப்புக் கார் கிளம்பியது. இரண்டு நிமிடங்களுக்கு முன் வந்திருந்த சாம்பல் நிறக் கார் நேராகப் போய் அந்த இடத்தில் நின்று, 6:22-க்குக் கன்னைச் செருகிவிட்டது. இருபது நிமிடமாகக் காத்திருந்த சிவப்புக் காரின் இளைஞர் ஓடி வந்து கத்தினார். சாம்பல் நிறக் காரின் ஓட்டுநர் உண்மையாகவே திகைத்துப்போனார். வரிசை ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆனால் ஆப்பில் பணம் கட்டி, கார் பூட்டிக்கொண்டு, சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்ட பிறகு ‘எடுத்துக்கொடு’ என்பதும் ‘எடுக்க மாட்டேன்’ என்பதும் இருவருக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டன.

அப்போதுதான் ஒருவர் வெள்ளைக் காரைச் சுட்டிக்காட்டினார். அதன் சார்ஜிங் 5:58-க்கே முடிந்துவிட்டது என்பது திரையில் பளிச்சென்று தெரிந்தது. கன்னை இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. சிசிஎஸ் எனப்படும் வேகச் சார்ஜிங் வகைக் கன்னைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு காரின் சாக்கெட்டுக்குள் இருப்பதால், பெரும்பாலான கார்களில் உரிமையாளர் காரைத் திறக்காமல் வெளியே இருப்பவர் அதை எடுக்க முடியாது. இது தெரியாமல், சார்ஜரை நிறுத்தினால் கன் விடுபட்டுவிடும் என்று நம்பி, சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். 6:27-க்கு ஒருவர் அழுத்தினார்.

வெள்ளைக் காரின் கன் அசையவில்லை. ஆனால் அதே சார்ஜரின் இரண்டாம் கன்னில் இருந்த நீலக் கார் 91 சதவீதத்தில் நின்றுபோயிற்று. பொத்தானைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் திரையில் பழுதுக் குறியீடு போகவில்லை. உதவி எண்ணை அழைத்து, அவர்கள் தொலைவிலிருந்து சார்ஜரை மீண்டும் இயக்கிக் கொடுத்தபோது மணி 6:46. இதற்கிடையில் 6:41-க்கு வெள்ளைக் காரின் உரிமையாளர் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போய், “நான் எண்பதுலயே நிறுத்தச் சொல்லித்தான் சார் வச்சிருந்தேன்” என்றார். சிவப்புக் கார் 6:48-க்கு முதல் கன்னைப் பெற்றது. நீலக் கார் மீண்டும் ஏற்றத் தொடங்கி, 6:58-க்கு 96-ஐ எட்டியது. 6:59-க்கு என் முறை வந்தது.

எண்பது என்பது எங்கிருந்து வருகிறது

வெள்ளைக் காரின் உரிமையாளர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் அலட்சியக்காரர் அல்லர். ‘வேகச் சார்ஜரில் 80-க்கு மேல் ஏற்றாதே’ என்ற பரவலான அறிவுரையைக் கேட்டு, அதன்படி வரம்பு வைத்து, தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகப் போனவர். அறிவுரையைக் கடைப்பிடித்த அவருடைய கார் 43 நிமிடம் ஒரு கன்னை வீணாகப் பிடித்து வைத்திருந்தது. அறிவுரையை மீறிய நீலக் காரோ அவ்வளவு நேரமும் கன்னை அதற்குரிய வேலைக்கே பயன்படுத்தியது.

அந்த அறிவுரைக்குப் பின்னால் உள்ள காரணம் உறுதியானது. லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது அதிக மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும். நிறைய நிறைய ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் அதன் உச்ச வரம்பை நெருங்கும். பல வகைச் செல்களில் அது 4.2 வோல்ட் அளவில் இருக்கும். அதற்கு மேல் போகக்கூடாது என்பதால் கார் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி சார்ஜரிடம் கேட்கிறது. குறைக்காமல் திணித்தால் லித்தியம் எதிர்மின் (நெகட்டிவ்) முனைக்குள் போய்ச் சேராமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். பேட்டரி குளிர்ந்திருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். அன்று நீலக் கார் 83-லிருந்து 91 வரை சராசரியாக 16 கிலோவாட்டும், அதற்குப் பிறகு 11 கிலோவாட் அளவிலும்தான் வாங்கியது. 120 கிலோவாட் சார்ஜரில் நின்றுகொண்டு 11 கிலோவாட் வாங்குவதைப் பார்க்கிறவருக்கு எரிச்சல் வருவது இயல்பு.

ஆனால் நீலக் காரை ஓட்டி வந்த பெண்மணியின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கார் சமதளத்தில் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் எடுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். அப்படியானால் 160 கிலோமீட்டருக்கு 27 யூனிட். ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க, வேறெந்த இழப்பையும் சேர்க்காமலே சுமார் 5 யூனிட் தேவை. மொத்தம் 32. பேட்டரியில் 83 சதவீதம் என்பது 33 யூனிட். அதாவது 83-ல் கிளம்பியிருந்தால், வயதான தந்தையோடு, இரவில், மலைப்பாதையில், ஒரே ஒரு யூனிட் கைவசத்தோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 96 சதவீதம் என்றால் கைவசம் 6 யூனிட். அவர் கேட்டது சொகுசும் அல்ல, பிடிவாதமும் அல்ல. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் 98 வரை போயிருப்பேன்.

யாரால் எவ்வளவு நேரம்

காத்திருந்த மூன்று கார்களும் அன்று மொத்தமாக 98 நிமிடம் காத்திருந்தன: சிவப்பு 46, நான் 49, சாம்பல் 3. எந்தத் தவறும் நேராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 5:58-க்கே காலியான முதல் கன்னை 6:02-க்கு வந்த சிவப்புக் கார் உடனே பெற்றிருக்கும். கறுப்புக் கார் போனதும் 6:22-க்கு நான். அரை மணி நேரத்தில் சிவப்புக் கார் முடிக்க, 6:33-க்குச் சாம்பல் நிறக் கார். மொத்தக் காத்திருப்பு 26 நிமிடம். ஆக, 72 நிமிடம் வீண்.

இதில் வெள்ளைக் கார் முடித்த பிறகும் நின்றதால் மட்டும் போனது 46 நிமிடம். அவசர நிறுத்தப் பொத்தானால் எங்களுக்குப் போனது 26 நிமிடம். அதோடு நீலக் கார் இழந்த 20 நிமிடத்தையும் சேர்த்தால் அதுவும் 46. உரிமையாளர் அறியாமல் செய்த தவறுக்கும், நாங்கள் கோபத்தில் செய்த தவறுக்கும் எடை ஒன்றே என்பதை இந்தக் கணக்கைப் போடும்வரை நான் உணரவில்லை.

இன்னொன்று எனக்கு வியப்பாக இருந்தது. வரிசையை மீறியதுதான் அன்று அதிகச் சத்தத்தைக் கிளப்பியது. ஆனால் மொத்தக் காத்திருப்பை அது ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. பொத்தானின் விளைவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அது செய்ததெல்லாம், சாம்பல் நிறக் காருக்கு உரிய 20 நிமிடக் காத்திருப்பை எடுத்து, 17 நிமிடத்தைச் சிவப்புக் காரின் மீதும் 3 நிமிடத்தை என் மீதும் வைத்ததுதான். மொத்த நேரம் மாறாவிட்டாலும் இது சிறிய விஷயம் அல்ல. தனக்கு உரியதைப் பிறர் எடுத்துக்கொண்டதாகத் தோன்றும் இடத்தில் மனிதருக்கு வரும் கோபம், வீணான நேரத்துக்கு வரும் கோபத்தைவிட மிகப் பெரியது. பொத்தான் வரை போனதும் அந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான்.

நீலக் கார் 6:15-லேயே எடுத்திருந்தால் எங்களுக்கு மிச்சமாகியிருக்கும் நேரத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மற்றத் தவறுகள் எதுவும் இல்லாத நிலையில், மூன்று பேருக்கும் சேர்த்து 17 நிமிடம். அது பூஜ்யம் அல்ல. ஆனால் அந்த 17 நிமிடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது மலைப்பாதையில் நின்றுபோகும் ஒரு கார்.

அவர் செய்த ஒரே பிசகு வேறு. 5:30-க்கு அவர் வந்தபோது மூன்றாம் கன் காலியாக இருந்தது. 50 கிலோவாட்டுக்கு மேல் வாங்க முடியாத கார் 60 கிலோவாட் சார்ஜருக்குப் போயிருந்தால், பின்னால் வந்த கறுப்புக் கார் 120 கிலோவாட் சார்ஜரில் நின்று பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பியிருக்கும். ஆனால் எந்தக் கன் எந்தத் திறன் என்பது சார்ஜரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதையும் வெயில் வெளிற வைத்திருந்தது. இதை ஓட்டுநரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கோபம் ஏன் அவர் மீது விழுந்தது

அவர் அங்கே இருந்தார் என்பதே காரணம். வெள்ளைக் காரிடம் கேள்வி கேட்க ஆள் இல்லை. நீலக் காரில் ஆள் இருந்தார், எதிரே திரை இருந்தது, திரையில் 80-க்கு மேல் ஓர் எண் இருந்தது. காரிலேயே உட்கார்ந்து, கேட்டால் பதில் சொல்லி, முடிந்த நொடியில் எடுக்கத் தயாராக இருந்தவர்தான் குற்றவாளியைப் போல் பார்க்கப்பட்டார். சார்ஜரின் திரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். எவ்வளவு தேவை என்றோ, எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்றோ, அடுத்தது யார் என்றோ காட்டாது. காத்திருப்பவருக்கு வேண்டிய மூன்று செய்திகளும் அதில் இல்லை. இருக்கிற ஒரே எண்ணைக் கொண்டு நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

நிறுவனங்கள் கொண்டுவந்திருக்கும் விதிகளுக்கும் இதே குறை உண்டு. டெஸ்லா 2016 டிசம்பரில், சார்ஜ் முடிந்த பிறகும் இடத்தை அடைத்து நிற்கும் கார்களுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. வெள்ளைக் காருக்கு இதுவே சரியான மருந்து. நாங்கள் நின்ற நிலையத்தில் அது இல்லை. அதே நிறுவனம் 2019-ல் நெரிசல் மிகுந்த நிலையங்களில் 80 சதவீத வரம்பைக் கொண்டுவந்தது. எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற அமெரிக்கச் சார்ஜிங் நிறுவனம் 2024-ல் கலிஃபோர்னியாவின் சில நெரிசலான நிலையங்களில் 85 சதவீதத்தோடு சார்ஜிங்கை நிறுத்திப் பார்த்தது. நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கும் நகரத்துக்கு இத்தகைய வரம்பு பொருந்தும் என்றே நினைக்கிறேன். வீட்டிலேயே மெதுவாக ஏற்றிக்கொள்ளக்கூடிய கடைசி 20 சதவீதத்துக்காக அங்கே வேகச் சார்ஜரைப் பிடித்து வைப்பதில் நியாயம் இல்லை. ஆனால் 160 கிலோமீட்டர் வெற்றிடத்துக்கு முன்னால் நிற்கும் கடைசி நிலையத்தில் அதே வரம்பை வைத்தால், அது நீலக் காரைத் தண்டித்து வெள்ளைக் காரை விட்டுவிடும்.

அன்றைக்குப் பிறகு என் வழக்கங்கள் சில மாறின. காரை விட்டு நகர்ந்தால், திரும்பும் நேரத்தையும் இன்னும் எத்தனை சதவீதம் வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். ஆப் தரும் மதிப்பீட்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்; வெள்ளைக் காரின் உரிமையாளருக்கும் 5:58-க்கு அறிவிப்பு வந்திருந்தது, ஆனால் அந்த ஃபோன் அவருடைய குழந்தையின் கையில் ஒலியடக்கப்பட்டு இருந்தது. நிலையத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இறங்கிப் போய், காத்திருப்பது யார் யார் என்று குரல் கொடுத்துக் கேட்கிறேன். சாம்பல் நிறக் காரின் ஓட்டுநர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அல்லது நாங்கள் இருவரில் ஒருவராவது அவர் நுழைந்தபோது கை காட்டியிருந்தால், 6:22-க்கு நடந்தது நடந்திருக்காது. அவசர நிறுத்தப் பொத்தான் தீ, புகை, மின்கசிவு, கேபிளோடு நகர்ந்துவிட்ட கார் போன்றவற்றுக்கு உரியது. அதை வேறெதற்கும் தொடச் சொல்லி என் வாயிலிருந்து இனி ஒரு சொல் வராது.

6:58-க்கு நீலக் காரின் திரையில் 96 வந்தது. அந்தப் பெண்மணி உடனே இறங்கி, காரைத் திறந்து, கன்னை இரண்டு கைகளாலும் இழுத்து எடுத்தார். அதைக் கொக்கியில் மாட்டப் போனவர், பின்னால் காத்திருந்த என் காரைப் பார்த்துவிட்டு நின்றார். “நீங்கதானே அடுத்தது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொத்தானை அழுத்தச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதையும், அவர் சொன்ன காரணம் அப்போது என் காதில் விழவில்லை என்பதையும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் நான்கு அடி நடந்து வரவில்லை என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, கேபிளைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தும்வரை அங்கேயே நின்று, கன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.